கம்பியில்லா இணையமும் கம்பம் பள்ளத்தாக்கும்
(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

தண்ணீரின் அருமை நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது என்றால் அது மிகையாகாது. முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, எந்த வாய்க்காலில் எவ்வளவு விடுவது, யாருக்கு எந்த நாள் முறை என்பவற்றையெல்லாம் ஒழுங்கு செய்தால்தான் கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். ஒழுங்கு இல்லையேல் தலைமடையில் தண்ணீர் வழிந்தோடும். கடைமடையோ வெடித்துக் கிடக்கும்.

இதே பள்ளத்தாக்கின் காற்றிலும் கண்ணுக்குப் புலப்படாத வாய்க்கால்கள் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் தண்ணீருக்குப் பதிலாகச் செய்தி பாய்கிறது. அவற்றின் மடைதான் இன்று கடைகளிலும், வீடுகளிலும், மருத்துவமனைகளிலும் சுவரோரம் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டி. அதை 'அக்சஸ் பாயின்ட்' என்பார்கள். நாம் 'அணுகுமுனை' என்று அழைப்போம். அந்த மடையை எப்படித் திறப்பது, எப்படி அளவு வைப்பது என்பதை இயற்பியல் மாணவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அம்மாவுடன் பக்கத்து ஊரில் உள்ள ஒரு கணினி மையத்துக்குச் சென்றேன். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்திய நாள் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது அதுவே முதல் தடவை. அம்மா திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகாமல் என்னோடு வந்திருந்தார். சான்றிதழ்ப் படங்களை ஏற்றும்போதெல்லாம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, பாதியில் அறுந்து போயிற்று. மாலை வரை காத்திருந்தோம். "சர்வர் டவுன்" என்றார் மையத்துக்காரர். நாங்களும் நம்பினோம். மறுநாளும் கூலியை இழந்து, தேனிக்குப் பேருந்தில் போய் விண்ணப்பித்தோம். அங்கே பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

அப்படியானால் சர்வர் கெட்டிருக்கவில்லை. கெட்டிருந்தது எது என்பது, அலைகளைப் பற்றிக் கல்லூரியில் படித்த பிறகே எனக்கு விளங்கியது. இரண்டு நாள் கூலியும் ஒருவருடைய கல்லூரிப் படிப்பும் ஒரு சிறு பெட்டியின் அமைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போது, இது எல்லாரும் அறிய வேண்டிய செய்தி என்று தோன்றியது.

பெட்டிக்குள் ஒரு வானொலி நிலையம்

அணுகுமுனை என்பது வேறொன்றுமில்லை. அது ஒரு சிறு வானொலி நிலையம். நம் பகுதியில் பலரும் கேட்கும் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பாகிறது. 'வேகம் = அதிர்வெண் × அலைநீளம்' என்பது நாம் பள்ளியிலேயே படித்த சமன்பாடு. அதன்படி அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். வைஃபை அலையும் அதே மின்காந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதிர்வெண் மட்டும் மிக அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; 5.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 5.5 செ.மீ.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வானொலி நிலையம் பேசும், நாம் கேட்போம். அணுகுமுனையோ பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். நம் கைபேசியும் கணினியும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் பல செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

சிறு அலைகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பெருமையான பங்கு உண்டு. 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான அலைகளைக் கம்பியின்றி அனுப்பி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்து காட்டினார். 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் கணினிகளை வானொலி அலையால் இணைத்தனர். 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1997இல் 802.11 என்னும் பொதுத் தரம் உருவாயிற்று. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என அரசு அறிவித்தது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் அகலமான பட்டைகள் திறக்கப்பட்டன. ஆகவே இது புறம்போக்கு நிலம் போன்றது: யாரும் பயன்படுத்தலாம், தனக்கு மட்டும் என்று யாரும் வேலி போட முடியாது. நெரிசலுக்கும் இதுவே காரணம்.

எந்தப் பட்டை?

அணுகுமுனையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் நாம் முதலில் சந்திக்கும் கேள்வி, 2.4 வேண்டுமா, 5 வேண்டுமா என்பதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும், நெடுந்தொலைவு செல்லும். ஆனால் அதில் கூட்டம் அதிகம். அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் அதில்தான் இருக்கும். புளூடூத் கருவிகளும் அங்கேதான். நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கல்சுவரையும் கான்கிரீட் தளத்தையும் கடக்கும்போது அது விரைவில் சோர்ந்துவிடும். ஆகவே பெட்டி இருக்கும் அறையிலேயே இருக்கும் கருவிகளுக்கு 5 ஏற்றது. சுவருக்கு அப்பால் உள்ளவற்றுக்கு 2.4 ஏற்றது. இரண்டையும் சேர்த்தே வழங்கும் பெட்டிகளில் இரண்டையும் இயக்கி வைப்பது நலம்.

அலைத்தடம் என்னும் வாய்க்கால்

ஒவ்வொரு பட்டையும் பல தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் வாய்க்காலுக்கு வழங்கும் 'சானல்' என்ற சொல்லே இதற்கும் வழங்குவது பொருத்தமானதே. 2.4 பட்டையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை தடங்கள் உள்ளன. 1ஆம் தடத்தின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு பெட்டி பேசும்போது அதற்குத் தேவைப்படும் அகலம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ்! எனவே 13 வாய்க்கால் என்று எண்ணி மகிழ்வது தவறு. ஒன்றோடொன்று கலக்காமல் ஓடக்கூடியவை மூன்றே மூன்று: 1, 6, 11.

"1இலும் 6இலும் ஆட்கள் இருக்கிறார்கள், நடுவில் 4இல் போய் உட்கார்ந்தால் என்ன?" என்று தோன்றும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒரே தடத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றன் பேச்சை ஒன்று கேட்டுப் புரிந்துகொள்ளும். ஒன்று பேசும்போது மற்றது பொறுத்திருக்கும். வேகம் பங்குபோடப்படுமே தவிரக் குழப்பம் வராது. ஆனால் 4ஆம் தடம் 2417 முதல் 2437 வரை பரவி, 1ஆம் தடத்தின் மேல்பாதியிலும் 6ஆம் தடத்தின் கீழ்ப்பாதியிலும் கால் வைக்கும். அங்குள்ள பெட்டிகளுக்கு இதன் பேச்சு புரியாது. வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். இதற்கும் அவற்றின் பேச்சு இரைச்சலே. வகுப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவதற்கும், பக்கத்து வகுப்பின் கூச்சல் பாதிச் சுவருக்கு மேல் வழிந்து வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

கைபேசியில் 'வைஃபை அனலைசர்' போன்ற செயலிகள் உள்ளன. அக்கம்பக்கத்தில் எந்தெந்தத் தடத்தில் யார் யார், எவ்வளவு வலிமையோடு இருக்கிறார்கள் என்பதை அவை படமாகக் காட்டும். 1, 6, 11 ஆகியவற்றுள் ஆள் குறைந்த தடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'ஆட்டோ' என்று விட்டால் பெட்டி தானே தேர்ந்துகொள்ளும். ஆனால் பல பெட்டிகள் இயக்கும்போது ஒருமுறை பார்த்துத் தேர்ந்ததோடு சரி. மதியம் கூடும் கூட்டம் அவற்றுக்குத் தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சில தடங்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடார் ஒலி கேட்டால் அத்தடத்தை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. காரணமின்றி இணைப்பு அவ்வப்போது அறுந்தால், 36 முதல் 48 வரையிலோ, 149க்கு மேலோ உள்ள தடங்களுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

அகலம் கூடினால் ஆதாயமா?

அடுத்த அமைப்பு தடத்தின் அகலம்: 20, 40, 80 என்று இருக்கும். அகலம் இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. வெப்ப இரைச்சலின் திறன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று நாம் படிக்கிறோம். வாய்க்காலை இரு மடங்கு அகலமாக வெட்டினால் தண்ணீரோடு குப்பையும் இரு மடங்கு வந்து சேரும். அதோடு 2.4 பட்டையில் 40 அகலம் வைத்தால் மூன்று வாய்க்கால்களில் ஏறத்தாழ இரண்டை நாமே பிடித்துக்கொள்கிறோம். கடைத்தெருவில் இது பிறருக்கும் கேடு, நமக்கும் கேடு. ஆகவே 2.4இல் 20, 5இல் இடமிருந்தால் 40 அல்லது 80 என்று வைப்பதே அறிவுடைமை.

திறன்: உரக்கக் கத்தினால் போதுமா?

அலைபரப்பும் திறனை 'டிபிஎம்' என்னும் அலகில் குறிப்பார்கள். ஒரு மில்லிவாட் என்பது 0 டிபிஎம். 3 கூடினால் திறன் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஆக 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். நம் நாட்டில் 2.4 பட்டைக்கு 2005ஆம் ஆண்டு விதி அனுமதிக்கும் உச்ச வரம்பு பரப்பியின் திறனில் 1 வாட். வான்கம்பியின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்.

திறனை உச்சத்தில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நான் முன்னர் சொன்னதை நினைவுகூர்க. இது இருவழிப் பேச்சு. பெட்டியின் குரல் கைபேசிக்கு நன்றாகக் கேட்கும். திரையில் நான்கு கோடும் நிறைந்து தெரியும். ஆனால் மின்கலத்தில் இயங்கும் கைபேசியின் மெல்லிய குரல் பெட்டிக்குக் கேட்காது. படம் பார்ப்பதற்கு இணைப்பு சரியாக இருப்பதுபோல் தோன்றும். படத்தை ஏற்றும்போது அறுந்துபோகும். மலையடிவாரத்தில் நிற்பவரை உச்சியிலிருந்து ஒலிபெருக்கியில் அழைப்பவர் நிலை இதுவே. அவர் அழைப்பது கேட்கும். கீழே இருப்பவர் சொல்லும் பதில் மேலே எட்டாது.

இதற்கு மருந்து என்ன? பெட்டியை வைக்கும் இடமும் வான்கம்பியும்தான். ஒரு வான்கம்பி அனுப்புவதில் எந்தத் திசையில் எவ்வளவு சிறந்ததோ, வாங்குவதிலும் அந்தத் திசையில் அவ்வளவே சிறந்தது என்பது அலையியலின் அழகிய விதிகளுள் ஒன்று. ஆகவே திறனைக் கூட்டுவது ஒரு வழிக்கு மட்டுமே உதவும். நல்ல இடத்தில் வைப்பது இரு வழிக்கும் உதவும்.

நிமிர்ந்து நிற்கும் வான்கம்பியிலிருந்து அலை பரவும் வடிவத்தை உளுந்த வடைக்கு ஒப்பிடலாம். பக்கவாட்டில் நன்கு பரவும். வடையின் துளை இருக்கும் மேல், கீழ்த் திசைகளில் மிகக் குறைவு. ஆகவே ஒரே தளத்தில் உள்ளவர்களுக்கு வான்கம்பியை நிமிர்த்தி வைக்க வேண்டும். இரும்பு பீரோவின் மேலோ பின்னாலோ, தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ பெட்டியை வைத்தல் ஆகாது. உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். பச்சை இலையிலும் தண்ணீர்தான் உள்ளது; திராட்சைப் பந்தலுக்கு அப்பால் இணைப்பு மங்குவது இதனால்தான்.

நாடு என்னும் கட்டத்தில் 'இந்தியா' என்று தேர்ந்தெடுக்கவும் மறத்தலாகாது. எந்தத் தடம், எவ்வளவு திறன் என்ற விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். தவறான நாட்டைத் தேர்ந்தால் நம் கைபேசி பேச முடியாத தடத்தில் பெட்டி போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும்.

தேனி உலகுக்குக் காட்டிய பாடம்

இவ்வளவும் ஓர் அறைக்குள், ஒரு கடைக்குள் நடக்கும் செய்தி. ஆனால் இதே வைஃபை அலையை நம் தேனி மாவட்டத்தில் 15 கி.மீ. தூரம் அனுப்பி, அதைக் கொண்டு ஏழை எளியோரின் கண்களைக் காத்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் உள்ளது. கிராமத்துக் கண் நோயாளி தேனி வரை வர வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இதனால் பலர் வராமலே இருந்துவிடுவர். ஆகவே சிற்றூர்களில் 'விஷன் சென்டர்' எனப்படும் கண் பரிசோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் திரையில் நோயாளியைப் பார்த்து, பேசி, ஆலோசனை வழங்குவார். இதற்கு வேகமான இணைப்பு தேவை. அந்நாளில் சிற்றூர்களில் அத்தகைய இணைப்பு கிடையாது.

அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் 2005ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்து, மருத்துவமனையோடு சேர்ந்து, மலிவான வைஃபை கருவிகளைக் கொண்டே இந்த இணைப்பை உருவாக்கினர். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, தேனி வலையமைப்பில் 11 கம்பியில்லா நிலையங்களும் 9 நேர் இணைப்புகளும் இருந்தன. மிகக் குட்டையான இணைப்பு 1 கி.மீ.; மிக நீண்டது ஆண்டிப்பட்டிக்குச் செல்லும் 15 கி.மீ. ஆறு நிலையங்களுக்கு 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள். ஓரிடத்தில் ஆலை ஒன்றின் மின்நிலையப் புகைபோக்கியின் மேலேயே கருவியைப் பொருத்தினர்!

ஏன் இவ்வளவு உயரம்? அலை என்பது நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் செல்வதன்று. நடுவில் பருத்த சுருட்டு வடிவில் இடம் எடுத்துக்கொண்டு செல்வது. இதைப் பிரெனெல் மண்டலம் என்பர். ஒளியியலில் நாம் படிக்கும் அதே பிரெனெல்தான். 12.5 செ.மீ. அலைநீளத்துக்கும் 15 கி.மீ. தொலைவுக்கும் கணக்கிட்டால் நடுவில் அச்சுருட்டின் ஆரம் ஏறத்தாழ 22 மீட்டர் வருகிறது. அதில் பெரும்பகுதியாவது தென்னை மர உச்சிகளுக்கு மேலே இருந்தால்தான் அலை நலமாகச் சென்று சேரும். வகுப்பறையில் மனப்பாடம் செய்த பிரெனெலின் கணக்கு ஆண்டிப்பட்டிச் சாலையில் கோபுரமாக எழுந்து நின்றதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது அல்லவா?

திறனைக் கூட்டி அவர்கள் தொலைவை வெல்லவில்லை. 24 டெசிபல் பெருக்கம், அதாவது ஏறத்தாழ 250 மடங்கு, உள்ள வான்கம்பிகளைப் பயன்படுத்தினர். வடைபோல் எங்கும் பரவும் அலையை 8 பாகைக்குள் குவித்துவிட்டனர். கைகளைக் குவித்து வாயருகே வைத்துக் கூப்பிடுவது போன்றது இது. அதே கைகளைக் காதருகே வைத்தால் கேட்கவும் உதவும்.

முறைப்பாசனமும் முறைப்பேச்சும்

ஆனாலும் ஒரு தொல்லை எழுந்தது. வைஃபையின் வழக்கம் என்ன? பேசுமுன் காதுகொடுத்துக் கேட்பது. யாரும் பேசவில்லை என்றால் பேசுவது. பேசி முடித்ததும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குச் சிறிது நேரம் காத்திருப்பது. பதில் வரவில்லை என்றால் மீண்டும் அனுப்புவது. அறைக்குள் இது அருமையாக நடக்கும். ஒளியின் வேகத்தில் செல்லும் அலை 15 கி.மீ. கடக்க 50 மைக்ரோ வினாடி ஆகும். பதில் திரும்பி வர மேலும் 50. வைஃபையின் பழைய தரத்தில் காத்திருப்பின் அடிப்படை அளவே 20 மைக்ரோ வினாடிதான். எனவே பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, 'செய்தி தொலைந்தது' என்று முடிவுகட்டிப் பெட்டி மறுபடியும் அனுப்பும். எதிரில் உள்ளவர் பேசத் தொடங்கியது காதில் விழுவதற்குள் இவரும் பேசத் தொடங்கிவிடுவார். இரண்டும் மோதிக் கெடும்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். வெளிப்புற அணுகுமுனைகளில் 'தொலைவு' என்று ஒரு கட்டம் இருப்பது இதற்குத்தான். ஆனால் அது அரை மருந்து. பெர்க்லி குழுவினர் கையாண்ட முழு மருந்து, நம் உழவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைப்பாசனமே! இவ்வளவு நேரம் உன் முறை, இவ்வளவு நேரம் என் முறை என்று காலத்தைப் பங்கிட்டனர். ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே பதில் கேட்பதை விட்டு, மொத்தமாகப் பதில் பெற்றனர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகியோரும் 2005இல் இவ்வகையில் ஆய்வு செய்து வழிகாட்டியிருந்தனர். வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் இதனால் கிட்டியது என்று 2007இல் பெர்க்லி குழுவினர் அறிவித்தனர். அதே ஆண்டு வெனிசுவேலா நாட்டில் இரு மலையுச்சிகளுக்கு இடையே 382 கி.மீ. தொலைவுக்கு வைஃபை இணைப்பு ஏற்படுத்திக் காட்டப்பட்டது.

தேனி தந்த மற்றொரு பாடமும் உண்டு. அங்கே கருவிகளைப் பெரிதும் வாட்டியது அலையன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறுவதும், தாழ்ந்து கிடப்பதும் பெட்டிகளைப் பழுதாக்கின. மின்னழுத்தம் அளவுக்குக் கீழே போனால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சிறு சுற்றைச் சேர்த்த பிறகே நிலைமை சீரடைந்தது. ஆகவே அலையைக் குறை சொல்லுமுன் நாம் அடாப்டரையும் பார்க்க வேண்டும்.

மீண்டும் அந்தக் கணினி மையம்

சென்ற ஆண்டு விடுமுறையில், முன்பு நான் விண்ணப்பிக்க முடியாமல் திரும்பிய அதே மையத்துக்குப் போனேன். "அண்ணே, பெட்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "தொட்டுக் கெடுத்துடாதப்பா, அதை நம்பித்தான் பொழப்பு" என்றார். கெடுக்க மாட்டேன் என்று உறுதி கூறி, முதலில் இருந்த அமைப்பு முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பெட்டி இரும்பு பீரோவின் மேல், சுவரை ஒட்டிக் கிடந்தது. உள்ளறைக் கணினியில் அலையின் அளவு மைனஸ் 80 டிபிஎம். தடம் 4, பக்கத்துக் கைபேசிக் கடை 6இலும், மருந்துக் கடை 1இலும் இருந்தன. அகலம் 40. திறன் உச்சத்தில். செய்யக்கூடாதவை அனைத்தும் ஒரே இடத்தில்!

ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்றுத் தருவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளவெடு என்பதுதான். அவ்வாறே செய்தேன். முதலில் பெட்டியை பீரோவிலிருந்து இறக்கி, இரண்டு அறைக்கும் நடுவே உள்ள நிலைக்கு மேல் பலகையில் வைத்தேன். அளவு மைனஸ் 60 ஆயிற்று. நூறு மடங்கு! இதற்கு ஒரு காசு செலவில்லை. அடுத்துத் தடத்தை 11க்கு மாற்றினேன். அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது நின்றது. பிறகு அகலத்தை 20 ஆக்கித் திறனை நடுத்தரமாக வைத்தேன். உள்ளறையில் ஒரு சான்றிதழ்ப் படத்தை ஏற்றிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கித் தந்தார். இந்த ஆண்டு சேர்க்கைக் காலத்தில் அவ்வழியே போனபோது, உள்ளறையில் ஒரு மாணவி தன் தந்தையோடு அமர்ந்து விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். வட்டம் சுற்றவில்லை.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

அமைப்புப் பக்கத்தை உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்னும் எண்ணைத் தட்டித் திறக்கலாம். சரியான எண்ணும் நுழைவுச் சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த நுழைவுச் சொல்லை முதலில் மாற்றிவிட வேண்டும். கூடுமானவரை கம்பி வழியே இணைந்துகொண்டு மாற்றுவது நல்லது. தடத்தை மாற்றியவுடன் கம்பியில்லா இணைப்பு சிறிது நேரம் அறுந்துபோகும். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்துகொள்க. உரியவரிடம் கேளாமல் எந்தப் பெட்டியையும் தொடற்க.

முடிவுரை

காற்றும் தண்ணீரும் எல்லாருக்கும் பொது. பொதுவானதை ஒழுங்கோடு பகிர்ந்துகொள்ளத் தெரிந்தால் கடைமடைக்கும் பாயும். தெரியாவிட்டால் தலைமடையிலேயே வீணாகும். உரக்கக் கத்துபவனுக்கு அல்ல, முறையறிந்து பேசுபவனுக்கே அலை பணிகிறது என்பது தேனிக் கோபுரங்களும் அந்தச் சிறு கணினி மையமும் எனக்குக் கற்றுத் தந்த பாடம்.

நாம் படிக்கும் அதிர்வெண்ணும், அலைநீளமும், பிரெனெலும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பலகையின் மேல் அவை வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தம் ஊரில் உள்ள ஒரு பெட்டியையேனும் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வரும் ஒரு தாய்க்காவது ஒரு நாள் கூலி மிஞ்சும். அறிவியல் கற்றதன் பயன் அதுவே அன்றோ!